பதினேழாம் எண் வீட்டுக்கு ஆதாரம் இல்லை

எங்கள் தெருவுக்குச் சல்லடைக்காரத் தெரு என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை, தபால் ஒழுங்காக வருகிறது, அது போதும் என்று இருந்துவிட்டோம். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பதினான்கு பேர் தெருமுனையில் வந்து நிற்க, அவர்களுக்கு முன்னால் நூல் புடவையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக ஒரு அம்மாள் கையைத் தூக்கி, "இந்தத் தெருவுல ஒரு காலத்துல நாப்பது குடும்பம் மூங்கில் சல்லடை பின்னிக்கிட்டு இருந்தாங்க" என்று ஆரம்பித்தபோதுதான், நாங்கள் பல் தேய்த்துத் துப்புகிற இந்த இடத்துக்கும் ஒரு காலம் இருந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவந்தது.

அவர் பெயர் பங்கஜவல்லி. பெண்கள் கல்லூரி ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், அப்பாவைப் பன்னிரண்டு வருஷமும் பிறகு அம்மாவை ஒன்பது வருஷமும் படுக்கையில் வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டு, ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு இரண்டாம் மாடி வீட்டில் தனியாக இருந்தவர். திங்கள் முதல் சனி வரை காய்கறிக்காரரிடம் இரண்டு வார்த்தையும் பஸ் கண்டக்டரிடம் ஒரு வார்த்தையும் பேசினால் அதிகம்; அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரைச் சுற்றிக் காட்டுகிற இந்த நடையை ஆரம்பித்தாரோ என்னவோ, இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார். பேசுவதெல்லாம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் இருந்தது. ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது எந்தக் கெஜட்டில், எந்தப் பத்திரத்தில், எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்று சிவப்பு மையில் எழுதியிருப்பார், ஆதாரம் இல்லாத பேச்சு அவர் வாயில் வராது. நடை முடிந்ததும் எல்லோரும் அவரோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள், "ரொம்ப நன்றி மேடம்" என்பார்கள், பிறகு நாலு நாலு பேராகச் சேர்ந்து பொங்கல் வடை சாப்பிடப் போவார்கள், அவர் பஸ் ஸ்டாப்புக்குப் போவார். அவர் போவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்கள் தெருவின் தலைமாட்டில் ஒரு பழைய அச்சுக்கூடம், கால்மாட்டில் ஒரு மணிக்கூண்டு, இரண்டைப் பற்றியும் அவரிடம் நிறைய இருந்தது. நடுவில் இருக்கிற பதினோரு வீடுகளைப் பற்றி ஒன்றும் கிடையாது, அந்தத் தூரத்தை அவர் மௌனமாகவே கடப்பார், கூட்டம் செல்போனைப் பார்த்துக்கொண்டு பின்னால் வரும். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்த பதினேழாம் எண் வீட்டின் முன்னால் ஒரு பெண் கொட்டாவி விட்டுக்கொண்டே, "இந்த வீட்டுல என்ன மேடம்?" என்று கேட்டாள். "ஆவணம் எதுவும் கிடைக்கல" என்றுதான் வழக்கமாகச் சொல்வார். அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள், விடிந்ததிலிருந்து ஒரு போன் வரவில்லை. அது பிற்பாடு டீக்கடை ஜெயக்கொடியிடம் அவரே சொன்னது. ஆகவே வாயைத் திறந்து அவர் சொன்னது இதுதான்:

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலுல இங்க தையல்நாயகின்னு ஒரு அம்மா இருந்தாங்க. முப்பது வயசு. அவங்க கணவர் நாகப்பட்டினத்துல கப்பலேறி பினாங்குக்குப் போனார். தினமும் உச்சி வேளைக்கு அவருக்குன்னு ஒரு இலை போட்டுச் சோறு வச்சுட்டு உக்காந்திருப்பாங்க. அவர் வரலைன்னா, அந்த நேரத்துக்கு வாசலுக்கு யார் வந்தாலும், யாரு என்னன்னு கேக்காம அந்த இலையில உக்கார வச்சுடுவாங்க."

கூட்டத்தில் அத்தனை பேரும் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். டீக்கடை பெஞ்சிலிருந்து நாங்களும் கேட்டோம், கேட்டுவிட்டு நல்ல பெண்மணி என்று நினைத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலை பால் வாங்கப் போனவர்கள், பதினேழாம் எண் வீட்டுக் கதவு திறந்திருப்பதையும், அரக்கு நிறப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முப்பது வயதுப் பெண் ஒருத்தி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பதையும் பார்த்து, "இவங்கதானா அது" என்று சொல்லிக்கொண்டு பால் வாங்கப் போனார்கள். பத்து மணிக்குள் ஒரு வீட்டிலிருந்து கறிவேப்பிலையும் இன்னொரு வீட்டிலிருந்து உறைமோரும் போய்விட்டன. அந்த வீட்டுக்காகப் பதினோரு வருஷமாகக் கோர்ட்டில் மோதிக்கொண்டிருந்த பங்காளிகள் இருவரும் அந்த வாரமே தனித்தனியாக வந்து எட்டிப் பார்த்து, மற்றவன்தான் வாடகைக்கு விட்டிருக்கிறான் என்று முடிவுகட்டி, தனித்தனியாக வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். தையல்நாயகிக்குப் படிக்கத் தெரியாது, அந்தத் தாள் இரண்டையும் ஊறுகாய் ஜாடிகளின் வாயில் மூடிக் கட்டிவிட்டாள். வீட்டுக்கு வீடு ஆள் எண்ணிக்கை எடுக்க வந்தவர் பிறந்த வருஷத்தைக் கேட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு என்ற பதிலைக் கேட்டு, அவள் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, முப்பது என்று எழுதிக்கொண்டார்.

"கணவர் பேரு?"

தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தக் காலத்து ஆளு சார், புருஷன் பேரை வாயால சொல்ல மாட்டாங்க" என்று ஜெயக்கொடி எடுத்துக் கொடுத்தாள். அவரும் புரிந்துகொண்டு, அந்தக் கட்டத்தில் வெளிநாடு என்று எழுதிவிட்டுப் போனார். உண்மை என்னவென்றால் அவளுக்குச் சொல்வதற்குப் பெயரே இல்லை, பங்கஜவல்லி மேடம் சொல்ல மறந்திருந்தார். அதை நாங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பெண்களுக்கு உதாரணம் காட்டியதும், அவர்கள் எங்களைப் பார்த்த பார்வையும் தனிக் கதை.

ஜெயக்கொடி போன் செய்து சொல்லி, பங்கஜவல்லி மேடம் செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்து வந்தார். முப்பத்தைந்து வருஷம் புத்தகங்களை அதனதன் இடத்தில் வைத்தவர், ஆதாரம் இல்லாமல் ஒரு மனுஷியை உண்டாக்கிவிட்டோமே என்று பதறி, மன்னிப்புக் கேட்கிற தீர்மானத்தோடு கதவைத் தட்டினார். அப்போது சரியாக உச்சி வேளை.

"வாங்கக்கா, கை கழுவிட்டு உக்காருங்க" என்றாள் தையல்நாயகி.

"நான் யாருன்னு கேக்கலையேம்மா?"

"இந்த நேரத்துக்கு வந்தவங்களை அப்படிக் கேக்குற வழக்கமில்லைக்கா."

புளிக்குழம்பு, கீரை மசியல், சுட்ட அப்பளம். அம்மா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து மேடத்துக்கு யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறியது கிடையாது, "இன்னும் கொஞ்சம்" என்று ஒருவர் சொல்ல "போதும் போதும்" என்று கையை இலைக்குக் குறுக்கே வைக்கிற சுகம் அவருக்கு மறந்தே போயிருந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவர் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துத் தன் பெயரைச் சொன்னார், அப்பாவைப் பற்றிச் சொன்னார், அம்மாவைப் பற்றிச் சொன்னார், சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருந்தார், அவளும் மோவாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் போனபோது தையல்நாயகி, "வாங்கக்கா, கை கழுவிட்டு உக்காருங்க" என்றாள். பெயர் அவளுக்கு நினைவில்லை, முந்தின நாளே நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடையில், அந்த வாசலில், ஒரு கூட்டம் கேட்கச் சொன்னது மட்டுமே அவளிடம் தங்கியது. மற்றதெல்லாம் இரவோடு இரவாக அவளிடமிருந்து போய்விடும். மேடம் ஒரு வியாழக்கிழமை வாசலில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தார், அதுவும் நிற்கவில்லை. அதனால் என்ன என்று தினமும் வந்தார், தினமும் புதிதாகத் தன் பெயரைச் சொன்னார், தினமும் அதே கதைகளைச் சொல்லி, அதே இடத்தில் அவள் "அடப்பாவமே" என்று சொல்வதைக் கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குச் சேர்த்தார். உங்க அம்மா யாரு என்று கேட்டதற்கு, "தெரியலையேக்கா, யாரும் சொல்லலையே" என்று அவள் விழித்ததைப் பார்க்கப் பொறுக்காமல், அவளுக்கு வலங்கைமானில் ஒரு அம்மாவைச் சொன்னார், வாழைப்பூ வடை கற்றுக்கொடுத்த அம்மா, அன்று மத்தியானமே இலையில் வடை இருந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் உப்பு என்பதால் நாங்கள் போய்க் கெஞ்ச, அந்த வீட்டுக் கொல்லையில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது என்று சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். இன்றுவரை நாங்கள் குடிப்பது அந்தத் தண்ணீர்தான். பிறகு ஆளாளுக்கு எங்கள் வீட்டுக்கும் ஏதாவது சொல்லுங்கள், ஒரு ஜமீன் தாத்தா, ஒரு ரகசியச் சுரங்கம் என்று கிளம்பியபோது, நீல நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஆதாரம் இல்லாம நான் பேசுறதில்லை" என்று கோபமாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவர் நேராகப் பதினேழாம் எண் வீட்டுக்குள் போனதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

ஆடியில் ஒரு ஞாயிறு, கூட்டத்துக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தையல்நாயகி அம்மாவுக்கு ஒரு சிநேகிதி இருந்தாங்க, தினமும் மத்தியானம் வந்து சாப்பிட்டுப் பேசிட்டுப் போவாங்க" என்றார்.

"அவங்க பேரு என்ன மேடம்?" என்று கூட்டத்தில் ஒருவர் பேனாவும் கையுமாகக் கேட்டார்.

மேடத்தின் முகம் சிவந்துபோனது. பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால், தன் பெயரைத் தானே சரித்திரத்தில் எழுதிக்கொள்ள அந்த மனுஷிக்கு வாய் வரவில்லை.

"தெரியல" என்றார். "ஆவணத்துல இல்லை."

அன்று மத்தியானம் தையல்நாயகி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஒரு சிநேகிதி இருக்காக்கா. தினம் வருவா. பேருதான் தெரியல. நீங்க வர்ற வழியில பாத்தீங்களா?"

அன்று மேடத்தால் சாப்பிட முடியவில்லை.

ஆனால் தையல்நாயகி தினமும் கேட்டது சிநேகிதியைப் பற்றி அல்ல, அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அவர் எப்ப வருவாருக்கா?" ஒவ்வொரு ஞாயிறும் விடியலில் குளித்துத் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் வந்து நிற்பாள், வெளியே கூட்டம் நிற்கும், "அந்தக் கணவர் திரும்பி வந்தாரான்னு தெரியல" என்று மேடம் முடிப்பார், உள்ளே வளையல் சத்தம் கொல்லைப் பக்கமாகப் போகும். மாசி போய், ஆடி போய், ஐப்பசி வந்தது. முப்பது ஞாயிறுக்கு மேல் அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டோம். மேடம் ஏன் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருக்கிறார் என்று எங்கள் தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டோம், ஜெயக்கொடிதான் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"கெணறு சொன்னீங்க, வடை சொன்னீங்க. அந்த மனுசன் வந்தாருன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போயிடும் மேடம்?"

"அதுக்கு ஆதாரம்..."

"சும்மா இருங்க. நீங்க தெனம் உக்காருற எலை யாரோடது?"

மேடம் டீ கிளாசைக் கீழே வைத்தார். "அவர் வந்துட்டா நான் எங்க போயி உக்கார்றது ஜெயக்கொடி?" என்றார்.

அடுத்த ஞாயிறு மழை விட்டு வெறித்த காலை, கூட்டத்தில் இருபத்திரண்டு பேர். சொல்ல வேண்டிய இரண்டு வாக்கியங்களை மேடம் முந்தின நாளே நோட்டில் எழுதி வைத்திருந்தார், பக்கத்தில் சிவப்பு மை இல்லை. ஒன்று கணவர் வந்தார் என்பது, மற்றது அந்தச் சிநேகிதியின் பெயர். எதை முதலில் சொல்வது என்பதுதான் கேள்வி. தன் பெயரை முதலில் சொல்லியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம், ஒரு நிமிஷ வேலைதானே. கதவிடுக்கில் கனகாம்பரமும் ஒரு கண்ணும் தெரிந்தன. மேடம் நோட்டை மூடிவிட்டு, ஊரெல்லாம் கேட்கிற குரலில் சொன்னார்:

"அவர் பேரு அம்பலவாணன். தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமா ஒரு ஞாயித்துக்கிழமை காலையில இந்தத் தெருவுக்குள்ள வந்தார். வந்தவர் அப்புறம் எங்கேயும் போகலை."

கூட்டத்தின் பின்பக்கமாக ஒருவர், "கொஞ்சம் வழி விடுங்க" என்றார். கோட்டு போட்டு, தலையில் தகரப் பெட்டி வைத்து, கக்கத்தில் படுக்கைச் சுருளோடு, வேட்டி நுனியெல்லாம் சேறாக, நாற்பது வயது ஆள் நடுவில் புகுந்து போனார், தொப்பி போட்டவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கதவு திறந்தது. தையல்நாயகி பெட்டியை ஒரு பக்கம் பிடித்து இறக்கினாள், அவ்வளவுதான், ஆனால் அவள் முகத்தைப் பார்த்த எங்கள் ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் அழுதுவிட்டோம். கூட்டம் கைதட்டியது, இருபத்திரண்டு செல்போனும் வாசலைப் பார்த்துத் தூக்கியிருந்தன, ஜெயக்கொடி குலவையிட்டாள், யாரோ சர்க்கரை எடுக்க ஓடினார்கள். அந்த அமளியில், அத்தனை பேர் முதுகுக்கும் பின்னால் நின்றுகொண்டு, பங்கஜவல்லி மேடம் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னாராம். நாங்கள் யாரும் கேட்கவில்லை. எங்களை நாங்களே மன்னித்துக்கொள்ளாத விஷயங்களில் அது ஒன்று.

அதற்கடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் கூச்சத்தை விட்டுத் தன் பெயரை உரக்கச் சொன்னார், கூட்டம் கேட்டது, நாங்களும் கடையை விட்டு எழுந்துவந்து கிட்டே நின்று கேட்டோம், சிலர் எழுதிக்கூடக் கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. காத்திருக்கிறவளுக்கு எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ள இடமிருந்தது, அவர் வந்ததும் அவளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. பதினேழாம் எண் வீட்டில் உச்சி வேளைக்குக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே இரண்டு இலை, இரண்டு பேர் சிரிக்கிற சத்தம்.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை மத்தியானம் மேடம் வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். எங்கள் யாரையும் பார்க்காமல் போய்க் கதவைத் தட்டினார். தையல்நாயகி கையில் கரண்டியோடு வந்து திறந்தாள். முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு வந்தவர்களிடம் கேட்காத கேள்வியை அன்று கேட்டாள்.

"யாரு வேணும்?"

மேடம் வாயைத் திறந்தார். தினமும் புதிதாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பெயர்தான், வரவில்லை. உள்ளேயிருந்து அம்பலவாணனின் குரல், "யாரு தையலு?" என்று கேட்டது. அவள் மேடத்தின் ஷூவைப் பார்த்தாள், தோள்பையைப் பார்த்தாள், தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள், பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, மரியாதையாகத்தான் சொன்னாள்:

"தெரியலைங்க. யாரோ வெளியூர்க்காரங்க, ஊர் சுத்திப் பாக்க வந்திருக்காங்க போல."

இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரை விட்டு ஒரு நாள் வெளியே தங்காமல், இதன் ஒவ்வொரு கல்லுக்கும் ஆதாரம் எழுதி வைத்திருந்த பங்கஜவல்லி மேடம், பழத்தை அவள் கையில் கொடுத்தார்.

"ஆமாம்மா" என்றார். "பாத்துட்டேன்."